இருபத்திரண்டு டிகிரியில் ஒரு பனிப்பூ

நார்வேயின் வடக்கு முனையில் நான் வசிக்கும் ஊரில் பொங்கல் சமயத்தில் சூரியன் வராது. நடுப்பகலில் தெற்கே கொஞ்சம் நீலம் தெரியும், பிறகு அதுவும் போய்விடும். அந்த இருட்டில் வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுத்து, குளிப்பாட்டி, காபி போட்டுக் கொடுத்துவிட்டு வருவது என் வேலை. அதற்கென்று நகராட்சி ஒரு சின்ன கார் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் உயரமாக நிற்கும், நான்கு சக்கரமும் இழுக்கும். பல குளிர்காலங்களாக அதை உறைபனி மேல் ஓட்டி ஓட்டி என் வலது காலுக்கே தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது.

அப்படி ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நடுவில் இருந்தபோதுதான் லில்லி போன் செய்தாள். லில்லி என் தம்பி டேவிட்டின் மனைவி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட் பார்க்கிறாள்.

"அண்ணி, நீங்க ஒரு வாட்டி வந்து சொல்ட்டுப் போங்க. நாங்க சொன்னா காதுலயே வாங்க மாட்றாரு. பனில அந்த ஓட்டு ஓட்றாரு. என்னிக்காச்சும் ஒரு நாளு யாரையாவது ஏத்திட்டுதான் நிக்கப்போறாரு."

இதற்காக ஒருத்தி விமானம் ஏறி வருவாளா என்று கேட்கலாம். அந்தக் காரை டேவிட் வாங்கியதே நான் உறைபனியில் ஓட்டி அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துத்தான். இரும்பு உருட்டாலையில் ஃபிட்டராக இருந்தவன், வேலையை விட்டுவிட்டு, ஷிப்டுக்குப் போகிற பெண்களை ஏற்றி இறக்க ஒரு கார் வாங்கப் போனான். மற்றவர்கள் எல்லாம் வேன் வாங்குவார்கள். இவன் எங்கோ இமாசல மலையில் ஓடிய பழைய நான்கு சக்கர இழுவைக் காரை, "அக்கா ஓட்ற மாரியே கீது" என்று வாங்கிக்கொண்டு வந்தான். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

விமான நிலையத்துக்கு அதே காரில்தான் வந்தான். ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முதுகு கொதிக்க ஆரம்பித்தது. சீட்டைச் சூடாக்கும் பொத்தானை எனக்கு மரியாதை செய்வதற்காகப் போட்டிருக்கிறான். "உங்க ஊர்ல இப்டிதானக்கா?" என்று கேட்டவனிடம் அணைக்கச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

கவரைப்பேட்டை தாண்டி ஒரு கடையில் நாஷ்டா. இட்லி, வடகறி, மேலே மிதக்கச் சட்னி. என் ஊரில் காலை உணவு என்பது குளிர்ந்த ரொட்டி மேல் குளிர்ந்த மீன். வெளியே வெயில் அடித்தது. சூரியனைப் பார்த்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் விடியும் முன்பே லில்லியோடு நானும் ஏறினேன். நான் முன் சீட்டில். பின்னால் லில்லி, அவளோடு வேலை செய்யும் பேபி என்கிற பெரிய வாய்க்காரி, இன்னொரு பெண். பொன்னேரி பக்கத்து எங்கள் ஊரிலிருந்து ஏரிக்கரை ஓரமாகப் போய் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும்.

தை மாதப் பனியை நான் மறந்தே போயிருந்தேன். எங்கள் வடக்கில் பனி தரையில் கிடக்கும், காற்று தெளிவாக இருக்கும், தூரத்து விளக்கு கூடத் துல்லியமாகத் தெரியும். இங்கே தரையில் ஒன்றுமில்லை, எல்லாம் காற்றில் நிற்கிறது. டேவிட் பெரிய விளக்கைப் போட்டிருந்தான், எதிரில் ஒரு வெள்ளைச் சுவர் எங்களுடனே நகர்ந்து வந்தது. சின்ன விளக்கைப் போடச் சொன்னேன். அதெல்லாம் பழக்கம்தான் என்றான்.

பேபி கூடப் பேசவில்லை, அதுதான் எனக்கு வித்தியாசமாக இருந்தது. ஏரிக்கரை வளைவு நெருங்கியபோது பின்னாலிருந்து, "இப்ப வரும் பாருங்க" என்று லில்லி மெதுவாகச் சொன்னாள்.

டிங்.

டேஷ்போர்டில் இருபத்திரண்டு டிகிரி என்று இருந்த எண் மூன்றாக மாறியது. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஆறு கால் பனிப்பூ எரிந்தது. வெளியே உறைபனி இருக்கலாம், பார்த்து ஓட்டு என்று கார் சொல்லும் அடையாளம் அது. எங்கள் வடக்கில் ஐப்பசியில் எரிய ஆரம்பித்தால் பங்குனி வரை அணையாது. கும்மிடிப்பூண்டி பக்கம் அது எரிவதைப் பார்த்ததும் என் கை மயிர் நட்டுக்கொண்டது. முன் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என் வலது கால், இல்லாத ஆக்சிலேட்டரிலிருந்து தானாக எழுந்தது.

"கோலம் வந்துட்ச்சி," என்றாள் பேபி. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் அதுதான். மூன்றாவது பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், லில்லி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தெனம் இதே எடத்துலதான்க்கா," என்று சிரித்தான் டேவிட். "இப்ப பாரு, உங்க ஊரு ஸ்நோவு."

வளைவு முடிந்ததும் சாலையின் இடது பாதியில் பெரிய தார்ப்பாய் விரிந்து கிடந்தது. அடியில் நெல். இந்தப் பக்கம் அறுவடை முடிந்ததும் நெல்லை ரோட்டில்தான் காயவைப்பார்கள். சாயங்காலம் குவித்து மூட வேண்டும், ஆனால் ஆள் கிடைக்காதவர்கள் பரப்பினபடியே தார்ப்பாயைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். மேலே பனி ஈரம், அடியில் உருளும் நெல்மணி. டேவிட் வலது பக்கம் ஒதுங்கவில்லை. வேண்டுமென்றே அதன்மேல் ஏற்றி, பிரேக்கை அழுத்தினான். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி நேரானது. அந்தப் பக்கம் இறங்கியதும், "அப்டியே உன் வீடியோதான்!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினான்.

நான் கத்திய கத்தலில் பேபியே பயந்துவிட்டாள். பெண்களை இறக்கிவிட்டு எளாவூர் பக்கம் டீ குடிக்கப் போனோம். சண்டை அங்கே தொடர்ந்தது.

"நாலு வீலும் இஸ்குதுக்கா. ஒண்ணும் ஆவாது. ரோடு வழுக்குனா தானா பின்னாடி வீலு புடிச்சிக்கும்."

"இழுக்கிறது கிளம்பறதுக்குடா. நிக்கறதுக்கு இல்ல. பிரேக்கு எல்லா காருக்கும் நாலு வீல்லயும்தான் கீது. உன் கார் நல்லா கிளம்பும். அதனாலயே வேகமா போவ, வேகமா போனா நிக்காது. எங்க ஊர்ல மொத ஸ்நோ விழுந்தா பள்ளத்துல கெடக்கறது பாதி இந்த மாதிரி வண்டிங்கதான்."

"எனக்குத் தெரியும்க்கா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடிக்கு வரிசையில் நின்ற லாரிகளின் பின்விளக்குகள் பனிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மங்கிப் போயின. பக்கத்து பெஞ்சில் ஒரு லாரி ஓட்டுநர் தன் கிளீனரிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை அது இதுதான்: "முன்னால் போகிறவன் விளக்கைப் பார்த்து ஓட்டாதே. அவனும் எவன் விளக்கையோ பார்த்துத்தான் போகிறான்." டேவிட்டுக்கும் தெலுங்கு தெரியும். டீயை வேகமாகக் குடித்தான்.

பிற்பகலில் நானே மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். என் ஊரில் ஸ்டீயரிங் இடது பக்கம், இங்கே வலது. திரும்புகிற இடத்திலெல்லாம் சிக்னலுக்குப் பதில் வைப்பரைப் போட்டு, கொளுத்தும் வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

மெக்கானிக் முன் பம்பருக்குள் கைவிட்டு, கட்டை விரல் அளவுள்ள ஒரு கறுப்புச் சாமானை வெளியே எடுத்தார். வெளிக் குளிரை அளக்கும் சென்சார்.

"மல வண்டி மேடம். முன்னாடி எங்கியோ நல்லா அடி வாங்கிக்கீது. பம்பர மாத்தி பெயின்ட் அடிச்சிக்கிறாங்க. பின்னு லூசு, ஏரி ஈரம் எறங்கினா இப்டிதான் பேஜாரு பண்ணும். கயட்டிட்டேன். இனிமே கோலமும் வராது, ரங்கோலியும் வராது."

டேஷ்போர்டில் டிகிரி இருந்த இடத்தில் வெறும் இரண்டு கோடுகள் நின்றன. சென்சாரை முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்ன அறையில் போட்டு மூடினேன். முன்னாடி நல்லா வாங்கியது எதில் என்று நான் கேட்கவில்லை. அந்த மலையில் எந்த வளைவு, எதிரில் வந்தது யார் என்று வீடு வரும் வரை நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

அவன் காரில் ஏற மாட்டேன் என்று அடுத்த நாள் அதிகாலை மின்சார ரயிலில் பொன்னேரிக்கு நண்டு வாங்கப் போனேன். ரயில் ஒரு வயல்வெளியில் நின்றுவிட்டது. இரண்டு பக்க ஜன்னலிலும் வெள்ளை தவிர ஒன்றுமில்லை. சிக்னல் தெரியவில்லையாம். எதிர் சீட்டில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் கையை நிறுத்தினார்.

"அந்தக் கோலம் போட்ற காரு உங்க ஊருதானே? ஏரிக்கர வளைவுல யாரையோ கேட்டுக்கினே கீதாம். உசுர எடுக்காம வுடாதாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாருந்தான் சொல்றாங்க என்றார். ரயில் நகர்ந்தது. தமாஷாக இதை வீட்டில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். லில்லியின் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் நண்டைக் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து, புடவை கூட மாற்றாமல், டேவிட்டையும் லில்லியையும் சிப்காட்டின் பின்பக்கம் ஒரு காலி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஏதோ கம்பெனி கொட்டிய நிலக்கரிச் சாம்பல் அங்கே சேறாகக் கிடந்தது. ஈரமான சாம்பல் உறைபனிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. டேவிட்டை மெதுவாக வந்து ஒரு செங்கல்லுக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். நின்றான். "நீ தெனம் வர்ற வேகத்துல வந்து அதே கல்லுகிட்ட பிரேக் போடு," என்றேன்.

அப்போது லில்லி மதியத்துக்குக் கட்டி வந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். செங்கல்லுக்கு இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், நட்டநடுவில் அதை வைத்தாள். "இது நானு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

டேவிட் சிரித்துக்கொண்டேதான் வந்தான். செங்கல்லருகே பிரேக்கை மிதித்தான். சக்கரங்களுக்கு அடியில் கடகடவென்று சத்தம் கேட்டது, கார் வேகம் குறையாமல் வந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தான், கார் அதையும் கேட்கவில்லை. பையின் மேல் ஏறி, அதற்கும் அப்பால் போய்த்தான் நின்றது. இறங்கி வந்து பார்த்தான். டப்பா நசுங்கி, நண்டுக் குழம்பு சாம்பலில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. லில்லி திரும்பி நின்றுகொண்டாள். இரவு சாப்பிடும்போதுதான், "நாளைக்கி நீ ஓட்டுக்கா, நான் பாக்கறேன்," என்றான்.

திங்கட்கிழமைப் பனி முன்னெப்போதையும் விட மோசம். வாசலில் நின்று பார்த்தால் தெரு இல்லை. நான் ஓட்டினேன், டேவிட் பக்கத்தில், பின்னால் மூன்று பெண்கள். சின்ன விளக்கு. ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன், கண்ணுக்குத் தெரியாதது காதுக்காவது கேட்கட்டும் என்று. டிகிரி இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்.

டேவிட் அளவுக்கு இல்லை என்றாலும் நானும் கொஞ்சம் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. ஏரிக்கரை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

டிங்.

இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. பக்கத்தில் பூ எரிந்தது.

அது எப்படி எரியும் என்று என் மூளை யோசிப்பதற்குள் வலது கால் எழுந்துவிட்டது. பிரேக்கைத் தொடவில்லை, வளைவில் தொடக்கூடாது. கியரைக் குறைத்து, காரைத் தானாகத் தளர விட்டேன். பின்னால் யாரோ மூச்சை இழுக்கும் சத்தம். "யக்கா, அது கயட்டிட்டாங்க இல்ல?" என்று டேவிட் கேட்டான். அவன் குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

வளைவு முடிந்ததும் முன் சக்கரங்களுக்கு அடியில் சரசரவென்று தார்ப்பாய் வந்தது. ஸ்டீயரிங் கையில் கனமில்லாமல் போனது. அந்த லேசான உணர்வு எனக்கு நன்றாகத் தெரியும், அதற்குப் பிறகு கார் நம் பேச்சைக் கேட்காது. நேராகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மெதுவாக அழுத்தினேன். கார் ஆள் நடக்கும் வேகத்தில் இன்னும் கொஞ்சம் தானாகவே போய், நின்றது.

பம்பருக்கு முன்னால் வெள்ளையாக ஒரு மூட்டை கிடந்தது. நெல் மூட்டை என்று நினைத்தேன். மூட்டை புரண்டு படுத்தது.

மூட்டை எழுந்து உட்கார்ந்தது, போர்வையை விலக்கியது, கண்மேல் கையை வைத்துக்கொண்டது.

"நைனா, லைட்ட அணை. கண்ணு கூசுது."

முனிரத்தினம். நெல்லுக்குச் சொந்தக்காரர். அவர் குடும்பத்துக் கழனியில்தான் எங்கள் அப்பா கூலிக்கு அறுத்தார். அந்த நெல்லின்மேல் டேவிட் தினமும் காரை ஏற்றியதில் வீடியோவைத் தாண்டியும் ஒரு குஷி இருந்திருக்கும் என்று எனக்குப் பிறகுதான் பட்டது.

லில்லிதான் முதலில் இறங்கினாள். "ரோட்டு நடுவுலயா வந்து படுப்பீங்க? இன்னாங்க இது!"

"வேற இன்னாம்மா பண்ணச் சொல்ற? எவனோ தெனம் விடியக்காலைல நெல்லு மேலயே வண்டிய ஏத்தி வழுக்கிக்கினு போறான். தார்ப்பாய் கிழிஞ்சி, பனி எறங்கி, நெல்லு மொள வுட்ருச்சி. கல்லு வெச்சேன், சுத்திக்கினு ஏறுறான். முள்ளு வெட்டிப் போட்டேன், அதுமேலயும் ஏறுறான். ஆளு படுத்துகினு இருந்தா ஏத்தமாட்டான் இல்ல? அதான் நேத்து ராத்திரிலர்ந்து நடுவுல படுத்துகினேன்."

அவர் அதை வெகு சாதாரணமாகச் சொன்னார். நான் டேவிட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. நேற்று சாம்பலில் ஓடிய நண்டுக் குழம்பு என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவன் பக்கத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய் அவர் முன்னால் நின்றான்.

"நான்தாங்க அது."

முனிரத்தினம் அவனைப் பார்த்தார். காரைப் பார்த்தார். தன் காலுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார். அதில் ஒரு முறம் வைக்கலாம். எனக்குத் தெரிந்த எல்லா வசவையும் எதிர்பார்த்து நின்றேன். அவர் போர்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீதானா? அப்ப நாளைலர்ந்து நான் ஓரமா படுத்துக்கலாம்."

டேவிட் குனிந்து, கலைந்து கிடந்த கற்களைப் பொறுக்கித் தார்ப்பாய் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தான். பேபியும் இறங்கி உதவினாள். அன்றைக்குப் பெண்கள் மூவரும் ஷிப்டுக்குத் தாமதம்.

நான் காருக்குள் உட்கார்ந்து முன்னால் இருந்த சின்ன அறையைத் திறந்தேன். சென்சார் நான் போட்ட இடத்திலேயே, பழைய பில்களுக்கு மேல், எதோடும் சேராமல் கிடந்தது. எடுத்தேன். எங்கள் வடக்கில் வெளிக்கதவின் கைப்பிடி இருக்குமே, விரல் ஒட்டிக்கொள்கிற மாதிரி, அந்தக் குளிர் அதில் இருந்தது. உடனே மூடிவிட்டேன். இதை நான் டேவிட்டிடம் இன்றுவரை சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் கடைசியாக ஒருமுறை அவர்களோடு போனேன். டேவிட் ஓட்டினான், சின்ன விளக்கு, ஜன்னலை இறக்கியிருந்தான். யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, ஏரிக்கரை ஆரம்பிக்கும் இடத்திலேயே, காலை எடுத்துவிட்டான். பின்னால் வந்த வேன்காரன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டிப் போனான். டேவிட் கண்டுகொள்ளவில்லை.

பூ வரவில்லை. தார்ப்பாயை விட்டு வலது ஓரமாக, நடந்து போகிற வேகத்தில் போனான். இடது பக்கம், புளியமரத்தடியில், முனிரத்தினம் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். டேவிட் காரை அப்படியே நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தான். பனிக்குள்ளிருந்து அவருடைய குறட்டை கேட்டது. இரண்டு மூச்சு கேட்டுவிட்டுத்தான் திரும்ப ஸ்டார்ட் செய்தான்.